சீட்டை இறக்கியாச்சா? மலை சைக்கிளில் திட்டிலிருந்து இறங்கும் 'டிராப்' பற்றிய கேள்வி பதில்

கே: ஒரு அடி திட்டிலிருந்து இறங்கினாலே முன் சக்கரம் குத்துது அண்ணா. பயந்து இன்னும் மெதுவா போறேன், அப்பவும் அதேதான்.

ப: மெதுவா போறதாலதான் தம்பி குத்துது. இரண்டு சக்கர அச்சுக்கும் நடுவே சுமார் 1.2 மீட்டர். மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் போனால், முன் சக்கரம் விளிம்பைத் தாண்டி 0.86 விநாடி கழித்துத்தான் பின் சக்கரம் அங்கே வரும். அத்தனை நேரமும் முன்னால் தரை கிடையாது. 15 கி.மீ.யில் வந்தால் 0.3 விநாடிகூட ஆகாது.

விளிம்புக்கு நாலைந்து மீட்டர் முன்பே வேகத்தை முடிவு பண்ணிட்டு பிரேக்கை விட்டுடு. பெடல் இரண்டும் ஒரே மட்டம், குதிகால் தாழ்ந்து, முட்டியும் முழங்கையும் மடங்கி. முன் சக்கரம் விளிம்பைத் தாண்டும்போது கையை நீட்டி ஹேண்டிலை முன்னால் தள்ளு. மேலே இழுக்காதே. 15 செ.மீ. வாசல் படியில் ஆரம்பி, காதைத் தீட்டிக்கோ: சமதரையில் 'டக், டக்'னு கேட்டால் முன் சக்கரம் முதலில் விழுந்திருக்கு. ஒரே 'டப்' வரணும்.

அதுக்கு முன்னாடி சீட்டை இறக்கு. முட்டி உயரத் திட்டில் நான் இறக்காமல் போய், சீட் பின்னால் இடித்துத் தூக்கிப்போட்டு, தாடையில் நாலு தையல்.

கே: ஷூவைப் பூட்டிக்கொள்ளும் கிளிப் பெடலா, சாதா பெடலா?

ப: பழகுற வரை சாதா.

கே: எவ்வளவு வேகத்தில் வரணும்?

ப: முதல் பதில்.

கே: பிட்டம் பின் டயரை உரசுற அளவுக்குப் பின்னால் போகணும்னுதான் நாங்க கத்துக்கிட்டோம். நீங்க மாத்திச் சொல்றீங்களே?

ப: சார், முன்கூட்டியே பின்னால் போனால் கை முழுசா நீண்டுவிடும். முன் சக்கரம் இறங்கும்போது நீட்ட மிச்சம் இருக்காது. வண்டி உங்களைப் பிடுங்கி முன்னால் இழுக்கும். நடுவில் நின்று, விளிம்பில் தள்ளினால் இடுப்பு தானாகப் பின்னால் வரும்.

கே (அவரே): இருபது வருஷமா இப்படித்தான் இறங்குறேன். விழுந்ததில்லை.

ப: உங்க வண்டியின் ஹெட் ஆங்கிள் (முன் ஃபோர்க்கின் சாய்வு) 71 டிகிரி, ஸ்டெம் (ஹேண்டிலை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு) 100 மி.மீ. இருக்குமா? அந்தக் காலத்து வண்டியில் முன் சக்கரம் கைக்கு அடியிலேயே இருக்கும்; பின்னால் போகாட்டி கவிழ்த்துவிடும். அன்னைக்கு அது சரி. இப்போ காட்டுப் பாதைக்கான பல டிரெயில் வண்டிகள் 65 டிகிரி, 40 மி.மீ. சுற்றுவட்டாரம். அதில் ரொம்பப் பின்னால் போனால் முன் டயரில் எடையே இருக்காது, இறங்கின கையோடு வரும் வளைவில் வழுக்கும். உங்க வண்டிக்கு உங்க முறை. பையன்களுக்கு அதைச் சொல்லித் தராதீங்க.

கே: ரெட் புல் ராம்பேஜ் மலை சைக்கிள் போட்டியில் மாடி உயரத்திலிருந்து குதிக்கிறாங்களே, நாம ஒரு மீட்டருக்கே யோசிக்கணுமா?

ப: அவங்க இறங்குற இடத்தைப் பாருங்க. அமெரிக்காவின் யூட்டா மலைச்சரிவு, சக்கரம் சரிவோடு சேர்ந்து ஓடிடும். நீங்க ஒரு மீட்டரிலிருந்து சமதரையில் விழுந்தால், கீழ்நோக்கிய வேகமே மணிக்கு 16 கி.மீ. அதை உங்க முட்டிதான் வாங்கணும். இறங்குற இடத்தை நடந்து பார்க்காமல் எதிலும் குதிக்காதீங்க.

கே: விழுந்ததிலிருந்து கழுத்து வலி, விரல் மரத்துப்போகுது...

ப: இங்கே கேட்காதீங்க. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

கே: எவ்வளவு வேகம் வேணும்?

ப: சீட்டை இறக்கியாச்சா? அப்போ முதல் பதிலைப் படிங்க.

கே (71 டிகிரிக்காரர்): ஒரு சின்ன ஸ்டெம் மாட்டிப் பார்க்கலாம்னு இருக்கேன்.

ப: மாட்டுங்க சார். போல்ட்டை ஸ்டெம்மில் அச்சடித்திருக்கும் அளவுக்கு, முறுக்கைக் காட்டும் டார்க் ரெஞ்சில் முறுக்குங்க. முதலில் வாசல் படி.