தமிழைக் கடகடவென்று வாசிக்கும் பிள்ளை ஆங்கிலத்தில் திணறுவது ஏன்?

பாளையங்கோட்டையில் மூன்றாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகள் தமிழை நன்றாக வாசிக்கிறாள், ஆங்கிலத்தில் திணறுகிறாள். மூளையில் இரண்டுக்கும் தனித்தனி இடமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பெரும்பாலும் ஒரே இடம்தான். எந்த மொழி எழுத்தானாலும், அதை அடையாளம் காண்பதில் மூளையின் இடப்பக்கப் பின்புறத்தில், அடிப்பகுதியிலுள்ள ஒரு சிறு பகுதிக்கு முக்கியப் பங்கு உண்டு. வேறுபடுவது வழி. தமிழில் எழுத்தைப் பார்த்தால் ஒலி வந்துவிடும். 'க'வின் ஒலி சொல்லில் அது வரும் இடத்தைப் பொறுத்து மாறினாலும் அதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஆங்கிலத்திலோ 'புட்' (put), 'பட்' (but) இரண்டிலும் நடுவே அதே 'யு' எழுத்துதான்! ஆகவே பல சொற்களை முழுசாகவே நினைவில் வைக்க வேண்டும். 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், வாசிப்புக் குறைபாடுள்ள இத்தாலியர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் மூவருக்கும் மூளையில் ஒரே பகுதிதான் மந்தமாக இருந்தது. ஆனாலும் எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகும் மொழி என்பதால் இத்தாலியர் மற்றவர்களைவிட நன்றாக வாசித்தார்கள்.

அப்புறம், எழுதுவது வேறு விஷயம். நம்ம பக்கம் பேச்சில் 'பழம்' பெரும்பாலும் 'பளம்'தான். காதை நம்பி எழுதும் பிள்ளை 'பளம்' என்றே எழுதும். அதற்காகத் திட்டாதீர்கள், பாவம். வாசிக்கும்போதே அந்தச் சொல்லை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். தமிழ் வாசிப்பிலும் தொடர்ந்து திணறினால் நிபுணரிடம் காட்டுங்கள்.