படகின் அடிப்பகுதியைக் கண்ணாடிபோல் மெருகேற்றினால் வேகம் கூடுமா?

பாய்மரப் படகின் அடிப்பகுதிக்கு மெழுகு பூசிப் பளபளப்பாக்கினால் அது வேகமாக ஓடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவுக்கு மேல் மெருகேற்றுவதால் வேகம் கூடாது.

படகின் பரப்பை ஒட்டிய நீர் படகோடு சேர்ந்தே நகர்கிறது. அதையடுத்து, கொந்தளிப்பான ஓட்டம் தொடங்குவதற்கு முன், பாகுத்தன்மையால் (நீரின் பிசுபிசுப்பால்) கட்டுப்பட்ட மிக மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. பரப்பின் மேடுபள்ளங்கள் அந்த அடுக்குக்குள் அடங்கியிருக்கும்வரை உராய்வு கூடுவதில்லை. நொடிக்கு 3 மீட்டர், அதாவது ஏறத்தாழ 6 நாட் (மணிக்கு 6 கடல்மைல்) வேகத்தில், இவ்வரம்பு தோராயமாக 0.03 மில்லிமீட்டர், வேகம் இரட்டித்தால் அது பாதியாகக் குறையும். எனவே 400 ஆம் எண் உப்புத்தாளால் நீர்விட்டுச் சீராகத் தேய்த்த பரப்பே பெரும்பாலான படகுகளுக்குப் போதும். அதற்கு மேற்பட்ட மெருகு கண்ணுக்கு விருந்து, அவ்வளவே. மெழுகின் மேல் நீர் முத்து முத்தாக உருள்வதும் நீருக்கு மேலே நிகழும் வேடிக்கைதான்.

வேகத்தை உண்மையில் தின்பவை பாசியும், அடிப்பகுதியில் ஒட்டி வளரும் ஓட்டுயிரியான கொட்டலசும். மரத்தைத் துளைக்கும் புழுக்களைத் தடுக்க 1761இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' என்ற போர்க்கப்பலின் அடியில் செப்புத்தகடு அடித்தபோது, பாசி படியாமல் வேகம் குன்றாதிருந்ததும் பெரிய ஆதாயமாயிற்று.

வழவழப்பே எப்போதும் சிறந்தது என்றும் சொல்லிவிட முடியாது. 1987இல் அமெரிக்கா கோப்பை என்னும் பாய்மரப் படகுப் போட்டியை வென்ற 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்' படகின் அடியில், நீரோட்டத் திசையில் நுண்ணிய வரிப்பள்ளங்கள் கொண்ட படலம் ஒட்டப்பட்டிருந்தது; அப்பள்ளங்கள் பரப்பருகே சுழல்களின் பக்கவாட்டு அசைவை அடக்கி உராய்வைச் சில விழுக்காடு குறைக்கின்றன.