தொண்ணூறு பேரில் ஐம்பத்து மூவர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். பருவம் செப்டம்பரில்தான் தொடங்குகிறது. ஓர் அணிக்கு 17 ஆட்டங்களே. அதற்கு ஏப்ரலிலிருந்தே ஆயத்தம் எதற்கு?
— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு நகர்வும் சில விநாடிகளில் முடிந்துவிடும். ஆனால் அந்தச் சில விநாடிகளில் பதினொரு பேரும் எங்கே நிற்க வேண்டும், யார் யாரைத் தடுக்க வேண்டும், யார் எத்தனை கெஜம் ஓடித் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும். இத்தகைய திட்டங்கள் அடங்கிய ‘பிளேபுக்’கைத் தடுமாற்றமின்றி மனத்தில் ஏற்றுவதுதான் ஆயத்தத்தின் பெரும்பகுதி. தலைமைப் பயிற்சியாளர் மாறிவிட்டால் இத்திட்டங்களைக் குறிக்கும் குறிச்சொற்களும் மாறும். பத்தாண்டு ஆடியவரும் புது மாணவரைப் போலப் படிக்க வேண்டியதுதான்.

ஏப்ரல் இறுதியில், கல்லூரி ஆட்டக்காரர்களை ஏழு சுற்றுகளில் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’ நடக்கிறது. வசந்தகாலப் பயிற்சி ஒன்பது வாரங்கள்: முதல் இரண்டு வாரம் உடற்பயிற்சியும் வகுப்பும் மட்டுமே; அடுத்த மூன்று வாரம் மைதானத்தில் மோதலற்ற பயிற்சி; கடைசி நான்கு வாரங்களில்தான் தாக்கும் பிரிவும் தடுக்கும் பிரிவும் எதிரெதிரே நிற்கின்றன, அப்போதும் ஒருவரை ஒருவர் இடித்து வீழ்த்தக் கூடாது. உண்மையான பயிற்சி முகாம் ஜூலை இறுதியில் தொடங்குகிறது.

கேள்வி: முகாமுக்கு 90 பேரை அழைத்துவிட்டு 37 பேரைத் திருப்பி அனுப்புகிறார்களாமே? அவர்கள் கதி என்ன?
— ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: ஆம். முகாமின் உயிர்நாடியே இதுதான் என்பேன். நட்சத்திர ஆட்டக்காரர்களுக்கு இடம் உறுதி. அவர்களுக்கு ஆகஸ்ட் மாதம் காயமின்றிக் கழிந்தால் போதும். பட்டியலின் அடிப்பகுதியில் இருப்பவருக்கோ ஒவ்வொரு நாளும் தேர்வு நாள். ஊதியத்தின் பெரும்பகுதி பருவம் தொடங்கிய பிறகு வாராவாரம்தான் வரும். முகாமில் கிடைப்பது ஒரு சிறு வாரப்படியே. ஆகஸ்ட் இறுதியில் 32 அணிகளும் ஒரே நாளுக்குள் 53 பேராகச் சுருங்க வேண்டும் என்பதால், ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு பேர் அணியின்றி நிற்கிறார்கள். இச்செய்தியைக் கொண்டுவரும் ஊழியருக்கு ‘டர்க்’ என்று பட்டப்பெயர். காலையில் அவர் எதிரே வந்து, பயிற்சியாளர் அழைக்கிறார், பிளேபுக்கையும் எடுத்து வாருங்கள் என்று சொன்னால் மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. இப்போது பிளேபுக் கையடக்கக் கணினியாகிவிட்டது. திருப்பிக் கொடுப்பதில் மாற்றமில்லை.

நீக்கப்பட்டவர்களில் அனுபவம் குறைந்தோரை வேறு அணிகள் ஒரு நாளுக்குள் கோரலாம். எவரும் கோராவிட்டால், வாரம் முழுதும் பயிற்சியில் உடனிருக்கும் 16 பேர் கொண்ட துணைக்குழுவில் சிலருக்கு இடம் கிடைக்கும். மற்றவர்கள் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

கர்ட் வார்னரை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. 1994இல் எந்த அணியும் டிராஃப்டில் எடுக்காத அவரை, கிரீன் பே பேக்கர்ஸ் முகாமுக்கு அழைத்துப் பார்த்துவிட்டு அனுப்பியது. அந்த அணியில் குவார்ட்டர்பேக் (தாக்கும் பிரிவை வழிநடத்திப் பந்தை எறிபவர்) இடத்துக்கு பிரெட் ஃபாவ்ர் இருந்தார். அவருக்குப் பின்னாலும் திறமைசாலிகள் நின்றார்கள். வார்னர் அயோவா மாநிலத்தின் சீடர் ஃபால்ஸ் ஊரில், ஒரு பல்பொருள் அங்காடியில் மணிக்கு ஐந்தரை டாலருக்கு இரவு நேரத்தில் சாமான்களை அடுக்கும் வேலை பார்த்தார். பிறகு உள்ளரங்குக் கால்பந்தும் ஐரோப்பிய லீக்கும் ஆடி, செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியில் மாற்று ஆட்டக்காரராக ஒட்டிக்கொண்டார். 1999 ஆகஸ்டில், பருவத்துக்கு முன் ஆயத்தமாக ஆடப்படும் ஒரு முன்பருவ ஆட்டத்தில் முதன்மைக் குவார்ட்டர்பேக் டிரென்ட் கிரீனின் முழங்கால் சிதைந்தது. வார்னரை நம்புவதைத் தவிரப் பயிற்சியாளர் டிக் வெர்மீலுக்கு வேறு வழியில்லை. அந்தப் பருவத்தில் 41 டச்டவுன்கள் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் புள்ளி பெறுவது) எறிந்து லீக்கின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பெற்ற வார்னர், 2000 ஜனவரியில் டென்னசி டைட்டன்ஸ் அணியை 23–16 என வென்று, லீக்கின் இறுதியாட்டமான சூப்பர் போல் கோப்பையையும் வாங்கிக் கொடுத்தார்.

இதைப் படித்துவிட்டு, முகாம்களில் முத்துகளை மட்டுமே தவறவிடுகிறார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அனுப்பப்பட்ட பெரும்பாலோர் திரும்பி வருவதே இல்லை.

கேள்வி: முன்பருவ ஆட்டங்களில் என் அபிமான அணி ஒன்றிலும் வெல்லவில்லை. கவலைப்பட வேண்டுமா?
— வாசகர், கொழும்பு

பதில்: வேண்டாம். 2008இல் டெட்ராய்ட் லயன்ஸும் 2017இல் கிளீவ்லண்ட் பிரவுன்ஸும் முன்பருவ ஆட்டங்கள் நான்கிலும் வென்றன. பிறகு, அப்போது 16ஆக இருந்த பருவ ஆட்டங்கள் அனைத்திலும் தோற்றன! இப்போது முன்பருவ ஆட்டங்கள் பெரும்பாலும் மூன்றுதான். அவற்றில் முக்கிய ஆட்டக்காரர்கள் சிறிது நேரமே ஆடுவார்கள், சிலர் இறங்கவே மாட்டார்கள். தொலைக்காட்சியை அணைக்கத் தோன்றும் நான்காம் கால்பகுதியில்தான் 53ஆவது இடத்துக்கான போட்டி நடக்கிறது.

கேள்வி: கோடை வெயிலில் இவ்வளவு கனமான உடையோடு பயிற்சி செய்வது ஆபத்தல்லவா?
— செவிலியர், மதுரை

பதில்: ஆபத்துதான். 2001 ஜூலை 31 அன்று, மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் மான்கேட்டோ முகாமில் 27 வயதான கோரி ஸ்டிரிங்கர் வெப்பத் தாக்குதலுக்கு உள்ளாகி, மறுநாள் உயிரிழந்தார். அவருடைய உடல் வெப்பநிலை 108 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டியிருந்தது. அவர் பெயரில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் இயங்கும் நிறுவனம், விளையாட்டு வீரர்களின் வெப்பப் பாதிப்பைத் தடுப்பதற்காகவே உழைத்து வருகிறது.

முன்பெல்லாம் முழுக் கவச உடையோடு ஒரே நாளில் இருமுறை பயிற்சி நடந்தது. லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட 2011 ஒப்பந்தம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. 2020 ஒப்பந்தப்படி, முகாமின் முதல் நாட்கள் உடலை வெப்பத்துக்குப் பழக்குவதற்கே ஒதுக்கப்படுகின்றன; முழுக் கவசப் பயிற்சி மொத்தம் 16 நாட்களுக்கு மேல் கூடாது. 2022 முதல், அதிகமாக மோதும் இடங்களில் ஆடுவோர் முகாமில் ஹெல்மெட்டின் மேல் ‘கார்டியன் கேப்’ என்ற மெத்தென்ற உறையும் அணிகிறார்கள். பார்க்க அழகாயிராது, அதனாலென்ன?

கேள்வி: என் மகன் மில்வாக்கியில் வேலை பார்க்கிறான். முகாமை நேரில் பார்க்க முடியுமா?
— இல்லத்தரசி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாக. அங்கிருந்து பேக்கர்ஸ் அணியின் ஊரான கிரீன் பேக்குக் காரில் இரண்டு மணி நேரம்தான். ஒரு லட்சத்துக்குச் சற்று அதிகமான மக்களே வாழும் ஊர். ஆனால் அணிக்கு ஐந்து லட்சத்துக்கும் அதிகமான பங்குதாரர்கள். பருவ ஆட்டங்களின் சீட்டுக்குப் பல ஆண்டுக் காத்திருப்புப் பட்டியல் உண்டு. முகாமின் பொதுப் பயிற்சிகளுக்கோ கட்டணமே இல்லை.

அணியின் லாம்போ அரங்கிலிருந்து பயிற்சி நடக்கும் ரே நிட்ஷ்கி மைதானம் வரை ஆட்டக்காரர்கள் உள்ளூர்க் குழந்தைகளின் சைக்கிள்களில் போவது, வின்ஸ் லொம்பார்டி பயிற்சியாளராக இருந்த காலத்திலிருந்து தொடரும் வழக்கம். நூற்று நாற்பது கிலோ மனிதர் முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்க இடிக்கச் சிறுமியின் சைக்கிளை மிதிக்க, அவருடைய ஹெல்மெட்டைச் சுமந்துகொண்டு அவள் பக்கத்தில் ஓடிவருவாள்.

அணியின் இணையதளத்தில் அன்றைய நிலவரத்தைப் பார்த்துவிட்டு மகன் புறப்படட்டும். இடி மின்னல் என்றால் பயிற்சியை உள்ளரங்குக்கு மாற்றிவிடுவார்கள், அங்கே பார்வையாளர்களுக்கு அனுமதி கிடையாது.