வாகனம்: கேள்வி-பதில்
மரை பொருந்தினால் மட்டும் போதாது

கேள்வி: ஐயா, வணக்கம். என்னிடம் 1993ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் சிட்டி கோல்ஃப் 1.6 கார் ஒன்று இருக்கிறது. அதில் ஆயில் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் ஆயில் பிரஷர் சுவிட்ச் இரண்டு; ஒன்று எஞ்சின் ஹெட்டிலும் மற்றொன்று ஆயில் ஃபில்டர் பொருத்தும் இடத்திலும் உள்ளன. ஃபில்டருக்கு அருகிலுள்ளது கசிந்ததால் உதிரிபாகக் கடைக்குச் சென்று காரின் பெயரைச் சொன்னேன். பழுப்பு நிறத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். மரை (திருகுப் புரி) சரியாகப் பொருந்தியது, கசிவும் நின்றது. ஆனால், என்2 நெடுஞ்சாலையில் வேகமெடுத்தவுடன் சிவப்பு விளக்கு மினுக்கி, பஸ்ஸர் அலறுகிறது. சிக்னலில் நிற்கும்போது ஒன்றுமே இல்லை. மெக்கானிக் ஆயில் பம்ப் போய்விட்டது என்கிறார். என் அண்ணனோ பஸ்ஸரைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்கிறார். நான் என்ன செய்வது?
(வாசகர், சாட்ஸ்வொர்த்)

பதில்: இப்போதைக்கு இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். தேய்ந்த பம்ப் தன் பலவீனத்தைப் பெரும்பாலும் எஞ்சின் சூடேறி, ஆயில் இளகி, வண்டி நின்றபடி மெதுவாக ஓடும்போதுதான் முதலில் காட்டும். உங்கள் காரிலோ நிற்கும்போது அமைதியும் ஓடும்போது அலறலும் இருப்பதால், என் சந்தேகம் முழுவதும் அந்தப் பழுப்பு நிற சுவிட்ச் மீதுதான் விழுகிறது.

அந்த இரண்டு சுவிட்சுகளும் பார்ப்பதற்கு அண்ணன் தம்பி போல இருந்தாலும், நேர் எதிரான வேலையைச் செய்பவை. ஹெட்டில் இருப்பது 0.3 பார் சுவிட்ச் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). எஞ்சின் நின்றிருக்கும்போது அதன் உள்தொடர்பு மூடியிருக்கும், அழுத்தம் ஏறியதும் திறந்துகொள்ளும், விளக்கும் அணையும். ஃபில்டருக்கு அருகே இருக்க வேண்டியது 1.8 பார் சுவிட்ச். அது எஞ்சின் நின்றிருக்கும்போது திறந்திருந்து, அழுத்தம் 1.8 பாரைத் தாண்டிய பிறகே மூடும். எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2000 சுற்றைக் கடந்ததும், எச்சரிக்கையை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி இந்த இரண்டாவது சுவிட்சைக் கவனிக்கத் தொடங்கும்; அது மூடியிருந்தால் பேசாமல் இருக்கும், திறந்திருந்தால் விளக்கை மினுக்கி பஸ்ஸரை ஒலிக்கச் செய்யும். ஃபோக்ஸ்வேகன் வழக்கப்படி பழுப்பு நிறம் 0.3 பாருக்கும் வெள்ளை நிறம் 1.8 பாருக்கும் உரியவை. நீங்கள் வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பைப் பொருத்தியிருக்கிறீர்கள். ஆகவே அழுத்தம் நன்றாக இருக்கும்போதுதான் அது திறந்துகொள்கிறது, பெட்டியும் அதை ஆபத்து என்று எடுத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் மரை ஒன்றே, எம் 10 × 1 (விட்டம் 10 மி.மீ., புரி இடைவெளி 1 மி.மீ.), என்பதால் கடைக்காரருக்கோ உங்களுக்கோ ஐயம் எழ வழியில்லாமல் போயிருக்கிறது.

இதை ஒரு சோதனை விளக்கைக் கொண்டு வீட்டிலேயே உறுதி செய்துகொள்ளலாம். சுவிட்சின் வயரைக் கழற்றி, விளக்கின் ஒரு முனையை பேட்டரியின் நேர்முனையிலும் மறுமுனையை சுவிட்சின் முனையிலும் வையுங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போதே விளக்கு எரிந்தால் அது 0.3 வகை. எரியாமல் இருந்து, எஞ்சினை ஓட்டி வேகத்தைக் கூட்டியபோது எரிந்தால் அது 1.8 வகை. மாற்றுத் தயாரிப்பாளர்கள் எல்லோரும் நிறத்தை ஒழுங்காகப் பின்பற்றுவதில்லை என்பதால், வாங்கும்போது ஸ்பானர் பிடிக்கும் அறுகோணப் பகுதியில் பொறித்திருக்கும் பார் எண்ணைப் படித்துவிட்டு வாங்குவதே பாதுகாப்பு. பொருத்தும்போது 25 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்க வேண்டாம்.

ஆனாலும் புதிய சுவிட்சைப் பொருத்துவதற்கு முன்பு, அந்தத் துளையிலேயே இயந்திர வகை பிரஷர் கேஜ் ஒன்றை இணைத்து உண்மையான அழுத்தத்தை ஒருமுறை அளந்துவிடுங்கள். ஆயில் 80 பாகை செல்சியஸில் இருக்க, 2000 சுற்றில் குறைந்தது 2 பார் காட்ட வேண்டும். காட்டினால் உங்கள் மெக்கானிக்கின் பம்ப் கதை அங்கேயே முடிந்தது. காட்டாவிட்டால் சுவிட்சை மறந்துவிட்டு, ஆயில் உறிஞ்சும் வலையில் அடைப்பு உள்ளதா, பேரிங் தேய்ந்துள்ளதா என்று பார்க்க வேண்டும். அதுவரை வண்டியை ஓட்டக் கூடாது.

அண்ணனின் யோசனையைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் சொல்வது போலவே எச்சரிக்கையை நிறுத்துவதற்காகச் சிலர் 1.8 சுவிட்சின் வயரை எர்த்தில் கட்டிப் பெட்டியின் வாயை அடைத்துவிடுகிறார்கள். பழைய கோல்ஃப் வாங்கப் போகிறவர்கள் அந்த வயர் எங்கே போகிறது என்று குனிந்து பார்த்துவிட்டு விலை பேசினால் நல்லது.

கேள்வி: வணக்கம் ஐயா. பழைய டொயோட்டா ஹைலக்ஸ் பக்கி (பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டி) வைத்திருக்கிறேன். டேஷ்போர்டில் முள் உள்ள ஆயில் பிரஷர் கேஜ் இருக்கிறது. சென்சாரை மாற்றிய பிறகு, சாவியைத் திருப்பியவுடன் முள் உச்சிக்குப் போகிறது, எஞ்சின் ஓடத் தொடங்கினால் பூச்சியத்துக்கு விழுகிறது. கேஜ் கெட்டுவிட்டதா?
(வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: கேஜ் கெடவில்லை, ஆனால் இப்படியே விட்டால் கெட்டுப்போகலாம். உங்களுக்குக் கிடைத்திருப்பது சென்சாரே அல்ல, விளக்குக்கான சுவிட்ச். விலை குறைந்த மாடலுக்கு விளக்கும் உயர்ந்த மாடலுக்கு முள்ளும் வைப்பது அக்கால வழக்கம் என்பதால், எஞ்சினும் துளையும் ஒன்றாகவே இருந்தாலும் உள்ளே போகும் பொருள் வேறாகிவிடுகிறது. சுவிட்ச் செய்வது எர்த்தை இணைப்பதும் துண்டிப்பதும் மட்டுமே. எஞ்சின் நின்றிருக்கையில் அது முழு எர்த்தைக் கொடுப்பதால் முள் உச்சிக்கு ஏறுகிறது, அழுத்தம் வந்ததும் துண்டித்துவிடுவதால் கீழே விழுகிறது. முழு எர்த் நெடுநேரம் நீடித்தால் கேஜுக்குள் இருக்கும் சூடேற்றும் சுருள் கருகக்கூடும். ஆகவே சரியான சென்சார் கிடைக்கும் வரை அந்த வயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி வையுங்கள். அதுவரை டேஷ்போர்டில் எந்த எச்சரிக்கையும் வராது என்பதால் பக்கியை ஓட்டாமல் நிறுத்தி வைப்பதே நல்லது.

கடையில் வண்டியின் பெயரோடு எஞ்சின் எண்ணையும் சொல்லி, கேஜுக்கான சென்சார் என்று அழுத்திக் கேளுங்கள். பழையதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பெரும்பாலும் சுவிட்ச் கட்டைவிரல் அளவே இருக்கும், கேஜ் சென்சாரோ வட்டமான டப்பி வடிவில் பருத்திருக்கும். பழைய டொயோட்டா சென்சார்களில் ஈருலோகத் தகடு சூடாகி விட்டு விட்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் அமைப்பு உள்ளதால், ஓம் மீட்டரை வைத்து அளந்து இது நல்லது, இது கெட்டது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

கேள்வி: அசல் சென்சார் எங்குமே கிடைக்காத வண்டிக்கு வெளிக்கேஜ் ஒன்றைப் பொருத்தலாமா? எதைக் கவனிக்க வேண்டும்?
(வாசகர், டோங்காட்)

பதில்: தாராளமாகப் பொருத்தலாம். கேஜையும் சென்சாரையும் ஒரே தயாரிப்பாளரின் ஜோடியாக வாங்குங்கள். வி.டி.ஓ. போன்ற தயாரிப்பாளர்களின் ஐரோப்பிய முறையில் அழுத்தம் ஏற ஏற மின்தடை 10 ஓமிலிருந்து 180 ஓம் வரை ஏறும். அமெரிக்க முறையில் அது 240 ஓமிலிருந்து 33 ஓமுக்கு இறங்கும். இவற்றைக் கலந்து பொருத்தினால் முள் தலைகீழாக நகரும். ஒரே முறையிலும்கூட 5 பார் கேஜுக்கு 10 பார் சென்சாரைப் போட்டால் உண்மையில் பாதியளவே காட்டும், நீங்கள் வீணாக எஞ்சினைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

மரையில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஜப்பானிய வண்டிகளில் பரவலாகக் காணப்படுவது எட்டில் ஒரு அங்குலக் குழாய் மரை, அங்குலத்துக்கு 28 சுற்று. அமெரிக்க எட்டில் ஒரு அங்குலம் 27 சுற்று. ஜெர்மானிய எம் 10 × 1 ஏறத்தாழ 25. கண்ணால் பார்த்தால் மூன்றும் ஒன்றே. ஸ்பானர் இல்லாமல் விரலாலேயே இரண்டு மூன்று சுற்று தடையின்றி உள்ளே போக வேண்டும். அதற்கு முன்பே இறுகினால் நிறுத்திவிடுங்கள், அலுமினியத் துளை என்றால் வலுக்கட்டாயமாகத் திருகும்போது விரிசல் விட்டுவிடும். கூம்பு மரை தானாகவே அடைத்துக்கொள்ளும். நேர் மரைக்கு செப்பு வாஷர் வேண்டும். ஒரே வயர் உள்ள சென்சார் தன் உடல் வழியாகத்தான் எர்த் பெறுகிறது. டெஃப்லான் டேப்பை வாரிச் சுற்றினால் அந்த எர்த் கெடும்.

கேஜோடு பழைய எச்சரிக்கை விளக்கையும் வைத்துக்கொள்ள விரும்பினால், இரண்டு முனைகள் கொண்ட சென்சார் கிடைக்கிறது. ‘ஜி’ என்று குறித்த முனை கேஜுக்கு, ‘டபிள்யூ.கே.’ என்று குறித்தது விளக்குக்கு. டி வடிவ இணைப்பை எஞ்சினில் திருகி அதன் நுனியில் கனமான சென்சாரைத் தொங்கவிடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. அதிர்வில் பித்தளைக் கழுத்து ஒடிந்தால் ஆயில் முழுவதும் சாலையில்தான். அழுத்தம் தாங்கும் ஹோஸ் ஒன்றால் இணைத்து, சென்சாரை பாடியில் கிளாம்ப் போட்டுப் பிடித்து, அதன் உடலிலிருந்து எஞ்சினுக்குத் தனியாக ஒரு எர்த் வயரையும் இழுத்துவிடுங்கள்.