மழை பெய்தால் மணல் இறுகும், களிமண் கவ்வும்

கேள்வி: அக்டோபர் இரண்டாவது வாரம் கொலராடோவின் லோமாவிலிருந்து யூட்டாவின் மோவாப் வரை கோகோபெல்லி பாதையில் நண்பர்கள் இருவருடன் நான்கு நாள் சைக்கிள் பயணம் போகிறேன். என் மவுண்டன் பைக்கில் 2.4 அங்குல டயர் இருக்கிறது. பாதை முழுக்க மணல், 4 அங்குல டயர் கொண்ட சைக்கிளை வாடகைக்கு எடுத்தே ஆக வேண்டும் என்கிறார் பயண ஏற்பாட்டாளர். எடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். உங்கள் டயரே போதும். டியூப் இல்லாமல், உள்ளே சீலண்ட் திரவம் ஊற்றி ஓட்டும் வகையில் அதை மாற்றிக்கொள்ளுங்கள். காரணம் மணல் அல்ல, முள். அங்கே சாலையோரங்களில் படர்ந்து கிடக்கும் ‘ஆட்டுத்தலை’ முள் வேறொன்றுமில்லை, நம் நெருஞ்சிதான். அதே செடி, அதே காய், அதே குத்தல். தண்ணீர் குடிக்க ஓரமாகச் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வருவதற்குள் டயரில் ஏழெட்டு ஏறியிருக்கும். பிடுங்கி எறிந்துவிட்டு டயரைச் சுழற்றினால் சீலண்ட் ஓட்டையை அடைத்துவிடும். டியூப் போட்டிருந்தால் அன்றைய பொழுது ஒட்டுப் போடுவதிலேயே போய்விடும்.

142 மைல் நீளமுள்ள பாதை இது. ‘முழுக்க மணல்’ என்பது பொய். லோமாவிலிருந்து தொடங்கும் ஒற்றையடிப் பாதை பெரும்பாலும் பாறைத் திட்டு. சால்ட் கிரீக் ஓடையில் இறங்கி ஏறும்போது சைக்கிளைத் தூக்கத்தான் வேண்டும், டயர் எவ்வளவு அகலமாக இருந்தாலும். ராபிட் வேலிக்கும் வெஸ்ட்வாட்டருக்கும் இடையே மணல் திட்டுகள் உண்டு. டூயி பாலத்தை ஒட்டிய யெல்லோ ஜாக்கெட் பள்ளத்தாக்கில் நிஜமாகவே கால் புதையும். ரோஸ் கார்டன் ஹில் உருண்டைக் கற்கள் கொட்டிக் கிடக்கும் செங்குத்து இறக்கம், அங்கே இறங்கி நடப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. அதன்பின் லா சால் மலைச் சரிவில் ஏறத்தாழ 2,600 மீட்டர் உயரம் வரை ஏறி, நடுவில் கொஞ்சம் தார்ச் சாலையிலும் ஓடி, சாண்ட் ஃபிளாட்ஸ் வழியாக மோவாபுக்குள் இறங்குகிறீர்கள்.

மணலுக்கு வேண்டியது வேறு சைக்கிள் அல்ல. டயரின் காற்றழுத்தத்தை வழக்கத்தைவிட நான்கைந்து பி.எஸ்.ஐ. (பம்பின் அளவுமானி காட்டும் அலகு) குறையுங்கள், எடையைப் பின்னால் தள்ளி உட்காருங்கள், கைப்பிடியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். இரண்டு நாள் முன்பு மழை பெய்திருந்தால் இன்னும் நல்லது. ஈரம் பட்ட மணல் இறுகி, டயருக்கு நன்றாகத் தாங்கும்.

நீங்கள் கேட்காமல் விட்டதுதான் என் கவலை. அந்த மழையே களிமண்ணில் உங்கள் பயணத்தை முடித்துவிடும். வழியில் சிஸ்கோ என்ற சிற்றூரை ஒட்டி ஒரு புல்கூடச் செழிக்காத சாம்பல் நிற நிலம் வருகிறது. மான்கோஸ் ஷேல் என்பார்கள். டைனோசர்கள் வாழ்ந்த கிரிட்டேசியஸ் காலக் கடலின் அடியில் படிந்த சேறு அது, எரிமலைச் சாம்பல் மக்கி உண்டான களிமண்ணும் அதில் கலந்திருக்கிறது. நீர் பட்டால் உப்பும், கரிசல் மண் போலவே. முதல் இருபது அடிக்கு டயரில் ஒரு மெல்லிய பூச்சு மட்டும் தெரியும். ஐம்பதாவது அடியில் டயருக்கும் முன் சக்கரத்தைத் தாங்கும் கவட்டுக்கும் நடுவே கூழாங்கல்லும் சருகும் கலந்த கட்டி அடைத்து, சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். அப்போது பெடலை அழுத்தி மிதித்தால் பின்பக்க கியர் கருவி முறிந்து கையில் வரும். அகல டயர் இங்கே உதவாது, கூடுதலாகத்தான் மண்ணை அள்ளிக்கொள்ளும். ஏற்பாட்டாளர் இதை ஏன் சொல்லவில்லை என்று யோசியுங்கள். சைக்கிளை வாடகைக்கு விட்டால் அவருக்குப் பணம். பயணத்தை இரண்டு நாள் தள்ளிப்போடச் சொன்னால் அவருக்கு நஷ்டம்.

இதில் எனக்கே அடி விழுந்திருக்கிறது. முன்பணம் வாங்கிக்கொண்ட ஒருவர், “பாதை அருமையாகக் காய்ந்திருக்கிறது” என்று தொலைபேசியில் உறுதி கொடுத்தார். போய்ப் பார்த்தால் முந்தைய நாள்தான் மழை. மூன்று கிலோமீட்டர் தூரத்துக்குச் சைக்கிளைத் தோளில் சுமந்தேன், பத்தடிக்கு ஒருமுறை செருப்பளவு மண்ணைச் சுரண்டி எறிந்துகொண்டு. ஆகவே மூன்று விஷயங்களை நம்பாதீர்கள். தேதி இல்லாத ஒளிப்படம். முன்பணம் திருப்பித் தராதவரின் வானிலை அறிக்கை. ‘பயணிக்கத் தக்கது’ என்ற அரசு வாசகம். கடைசியாகச் சொன்னது உயரமான நான்கு சக்கர வண்டிகளை மனதில் வைத்து எழுதப்படுவது. புல்டோசர் ஓட்டிச் சாலையைச் சீரமைத்தார்கள் என்றால் காருக்கு நல்ல செய்தி. சைக்கிளுக்கு அது மாவு போன்ற புழுதி.

‘ஈரமான களிமண்ணில் ஏறவே கூடாது’ என்ற விதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, அதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். இரவில் உறைநிலைக்குக் கீழே போனால் அதே சேறு காலையில் கல்லாக இருக்கும், சுகமாக ஓட்டலாம். ஆனால் மேலே உறைந்தால் போதாது, அடிவரை உறைந்திருக்க வேண்டும். குதிகாலால் ஓங்கி மிதியுங்கள். உடைந்து உள்ளே ஈரம் தெரிந்தால் திரும்பிவிடுங்கள். உடையாவிட்டாலும் வெயில் ஏறும்வரைதான் அவகாசம். கிழக்கே பார்த்த சரிவு முதலில் இளகும், நிழல் விழும் பள்ளம் தாமதமாக இளகும். நீங்கள் நிற்கும் இடம் கெட்டியாக இருப்பதால் அடுத்த மேட்டுக்கு அப்பாலும் அப்படியே இருக்கும் என்று எண்ணாதீர்கள். அக்டோபர் இரண்டாவது வாரம் அந்தத் தாழ்நிலத்தில் இந்த வாய்ப்பு கிடைப்பது அரிது. மார்ச்சிலும் நவம்பரிலும்தான் இது கைகொடுக்கும்.

சேற்றைத் தவிர்க்கப் பாதையை விட்டு ஓரமாகச் சுற்றிப் போகவும் கூடாது. அங்கே கறுத்து, முடிச்சு முடிச்சாக நிற்கும் மேல்மண் உயிருள்ளது. ஒரு டயர் தடத்திலிருந்து அது மீளப் பல பத்தாண்டுகள் ஆகும்.

பாதையின் நிலையை ஓரிடத்தில் விசாரிக்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியாது. 1989இல் தன்னார்வலர்கள் முன்நின்று இணைத்த பாதை இது. இன்று கொலராடோ பக்கம் நில மேலாண்மைத் துறையின் ஓர் அலுவலகம், யூட்டாவில் அதே துறையின் இன்னொரு அலுவலகம், லா சாலில் வனத்துறை, சாண்ட் ஃபிளாட்ஸில் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) நிர்வாகம். ஆளுக்கொரு துண்டைப் பார்க்கிறார்கள், முழுப் பாதைக்கும் பதில் சொல்ல ஒருவரும் இல்லை. கோகோபெல்லி என்று ஒரே பெயர் வைத்துப் பலகை நடத் தெரிந்தவர்களுக்கு, வாரம் ஒருமுறை ஒரே பக்கத்தில் மண்ணின் நிலையை எழுதிப் போடத் தெரியவில்லை. இதனால்தான் ஏற்பாட்டாளர்கள் சொல்வதே வேதவாக்காகிறது.

எனவே நீங்களே சோதியுங்கள். சாம்பல் நிலம் தொடங்கும் இடத்தில் இறங்கி, சக்கரத் தடத்தில் இரண்டு அங்குலம் தோண்டி ஒரு பிடி மண்ணை எடுங்கள். மேல்தோல் காய்ந்து வெடித்திருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டுங்கள். உதிர்ந்தால் ஓட்டலாம். விளக்குத் திரி போல நீண்டு வந்தால் அதில் ஏறாதீர்கள். நல்ல வெயிலும் காற்றும் இருந்தால் ஓரிரு நாளில் காய்ந்துவிடும், காத்திருக்கலாம். நாள் இல்லையென்றால் சிஸ்கோ பக்கமிருந்து 128ஆம் எண் தார்ச் சாலையைப் பிடியுங்கள். கொலராடோ ஆற்றை ஒட்டிப் போகும் அந்தச் சாலை உங்களை டூயி பாலத்தில் சேர்த்துவிடும், பாதையை அங்கிருந்து மறுபடி தொடரலாம். அதற்குப் பிறகும் வானம் கருத்திருந்தால் அதே சாலையில் மோவாப் வரை போய்விடுங்கள்.