சின்ன ஊரில் உள்ளூர் விளைச்சலை வாங்க வைப்பது எப்படி?

எங்கள் ஊர் சிறியது, இங்கே விளைவதை இங்குள்ளவர்களே வாங்க வைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்தின் டாட்மோர்டனைப் பாருங்கள். சுமார் 15,000 பேர் வாழும் ஊர். 2008இல் அந்த ஊர்ப் பெண்மணி பாம் வார்ஹர்ஸ்டும் நண்பர்களும் தெருவோரக் காலி இடங்களில் காய்கறியும் மூலிகையும் நட ஆரம்பித்தார்கள். காவல் நிலைய வாசலில்கூட மக்காச்சோளம்! யார் வேண்டுமானாலும் பறித்துக்கொள்ளலாம். அதை வைத்து ஊருக்கே சமைக்க முடியாதுதான்; ஆனால் ஊரில் பேச்சு கிளம்பியது. அப்புறம் வியாபாரம். முட்டை விற்கும் வீடுகளை வரைபடத்தில் குறித்தார்கள். சந்தைக் கடைக்காரர்களுக்குக் கரும்பலகை கொடுத்து, உள்ளூர்ச் சரக்கை எழுதி வைக்கச் சொன்னார்கள்.

நீங்கள் அந்தக் கரும்பலகையிலேயே தொடங்கலாம், செலவு குறைவு. யார் தோட்டத்துக் கத்தரிக்காய், எப்போது பறித்தது என்று எழுதுங்கள். வெறுமனே “இயற்கை விளைபொருள்” என்று எழுதினால் யாரும் நின்று பார்ப்பதில்லை.