மகன் 313ஏ படிக்கப் போகிறேன் என்கிறான்: ஸ்காபரோவில் இருக்கும் ஒரு தாயாருக்கு

வணக்கம் அக்கா,

மகன் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்காமல், 313ஏ எனப்படும் குளிர்பதன, ஏசி மெக்கானிக் தொழிற்பயிற்சிக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். "ஏசி பூட்டுகிற வேலைக்குப் போய் என்ன படிப்பு" என்று உறவினர் சொன்னது மனதைக் குடைகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். உறவினரின் பேச்சை முதலில் பார்ப்போம்.

பூட்டுவது, அதாவது இயந்திரத்தைப் பொருத்துவது, இந்தத் தொழிலின் ஒரு பகுதி மட்டுமே. பூட்டியது ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிப்பவருக்குத்தான் மதிப்பு. மகன் ஆசைப்படும் ஹீட் பம்பையே எடுங்கள். அது ஏசிதான், குளிர்காலத்தில் தலைகீழாக ஓடும். வெளியே நிற்கும் பெட்டியின் சுருள் வெளிக்காற்றைவிடக் குளிர்ந்திருந்தால்தான் காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்து வீட்டுக்குள் அனுப்ப முடியும். வெளியே 2 டிகிரி என்றால் சுருள் பூச்சியத்துக்குக் கீழே போய்விடும், காற்றின் ஈரம் அதில் உறைபனியாகப் படியும். மைனஸ் 20இல் காற்றில் ஈரமே குறைவு, ஆகவே தொல்லையும் குறைவு. ரொறன்ரோவில் மழையும் பனியும் மாறி மாறி விழும் மார்ச் மாதம்தான் ஹீட் பம்புக்குச் சோதனைக் காலம்.

பனி தடித்தால் காற்றோட்டம் அடைபடும். அதனால் இயந்திரம் அவ்வப்போது தன்னைத்தானே உருக்கிக்கொள்ளும். வாயு ஓடும் திசையை மாற்றும் ரிவர்சிங் வால்வு திரும்பும், வெளி விசிறி நிற்கும், கம்பிரசர் அழுத்திச் சூடாக்கிய வாயு வெளிச் சுருளுக்குள் பாயும். வீட்டுக்குள் குளிர்காற்று அடிக்காமலிருக்க அந்த நேரம் துணை ஹீட்டர் எரியும். பெட்டியிலிருந்து ஆவி குப்பென்று எழும்பும். புகை என்று பயந்து போன் செய்பவர்களும் உண்டு.

எப்போது உருக்கத் தொடங்குவது? அதை முடிவு செய்வது இயந்திரத்தைக் கட்டுப்படுத்தும் மின்பலகையான போர்டு. பழைய போர்டுகள் நேரத்தைப் பார்க்கும். சுருள் குளிர்ந்த நிலையில் கம்பிரசர் 30, 60 அல்லது 90 நிமிடம் ஓடியதும் உருக்கும், பனி இருந்தாலும் இல்லாவிட்டாலும். சுருள் போதிய அளவு சூடானால் அல்லது பத்து நிமிடம் போல ஆகிவிட்டால் நிறுத்தும். புதியவற்றில் வெளிக்காற்றுக்கு ஒரு சென்சர், சுருளுக்கு ஒரு சென்சர் இருக்கும். பனி படியப் படிய இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் கூடும், போர்டு அதைக் கவனித்துத் தேவையானபோது மட்டும் உருக்கும்.

அந்தச் சென்சர் பெரும்பாலும் தெர்மிஸ்டர் என்ற சின்னத் துண்டு. குளிரக் குளிர அதன் மின்தடை ஏறும். பரவலாக இருக்கும் வகை 25 டிகிரியில் 10,000 ஓம் காட்டும், பூச்சியத்தில் அதைப்போல் சுமார் மூன்று மடங்கு. இதில்தான் மூளை வேலை வருகிறது. சுருள் சென்சர் குழாயிலிருந்து கழன்று தொங்கினால் அது குழாயை விட்டுக் காற்றை அளக்கும். சுருள் சூடாக இருக்கிறது என்று நம்பி போர்டு உருக்காமலே விட்டுவிடும், பெட்டி பனிக்கட்டியாகும். அதே சென்சரின் இணைப்பில் துரு பிடித்து மின்தடை கூடினால் எதிர்மாறு. இல்லாத குளிரைக் கண்டு போர்டு ஓயாமல் உருக்கும், மின்கட்டணம் ஏறும். இந்த இரண்டு கோளாறுக்கும் போர்டை மாற்றிப் பணம் வாங்கிக்கொண்டு போகிறவர் இருக்கிறார், கோளாறு அப்படியே இருக்கும். விஷயம் தெரிந்தவர் சென்சரைக் கழற்றி, நொறுக்கிய ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்து, மீட்டரில் வரும் எண்ணைக் கம்பனியின் அட்டவணையோடு ஒப்பிடுவார். அது சரி என்றால் போர்டின் டெஸ்ட் முனைகளை இணைத்து உருக்கலைத் தொடக்கி, வால்வு திரும்புகிறதா, விசிறி நிற்கிறதா என்று பார்ப்பார். சுருளின் ஒரு பகுதியில் மட்டும் பனி தடித்திருந்தால் குளிர்வாயு குறைந்திருக்கலாம் என்று அவருக்குச் சந்தேகம் வரும்.

இதை மகனிடம் வாசித்துக் காட்டுங்கள். "சரி, அப்போ வெளிக்காற்றுச் சென்சர் பழுதானால் என்ன ஆகும்?" என்று அவன் திருப்பிக் கேட்டால் எனக்குத் தயக்கமே இல்லை, போகட்டும். கண்ணைக் கட்டுகிறது என்றால் வேறு தொழில் பார்க்கலாம். பௌதிகவியல் புள்ளிகளைவிட இந்த ஆர்வத்தைத்தான் நான் பெரிதாகப் பார்ப்பேன்.

இனி நடைமுறை. ஒன்ராறியோவில் இது பதிவு கட்டாயமான தொழில். பயிற்சியாளராகப் பதியாமல் கருவியைத் தொடக்கூடாது. 313ஏ ஏறத்தாழ 9,000 மணி நேரம், ஐந்து வருடம் போல. பெரும்பகுதி சம்பளத்தோடு வேலையிடத்தில், மீதி கல்லூரியில். 313டி குறுகியது, ஆனால் வீட்டு ஏசி வகைகளோடு நின்றுவிடும். 313ஏ முடித்தால் ரெட் சீல் தேர்வு எழுதி மற்ற மாகாணங்களிலும் வேலை செய்யலாம், சூப்பர்மார்க்கெட் குளிர்பதனப் பக்கமும் போகலாம். எனவே 313ஏதான் என் தேர்வு. இங்கே பல வீடுகளில் ஹீட் பம்பும் எரிவாயு ஃபர்னஸும் சேர்ந்தே ஓடுகின்றன. ஆகவே ஜி2 எரிவாயு உரிமத்தையும் பிறகு எடுக்க வேண்டியிருக்கும்.

மகன் இன்னும் 12ஆம் வகுப்பில்தானே? பள்ளியின் ஓயாப் (பள்ளி மாணவருக்கான ஒன்ராறியோ தொழிற்பயிற்சித் திட்டம்) ஆசிரியரை இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள். பள்ளியில் இருக்கும்போதே பயிற்சியைத் தொடங்க வழி உண்டு. கடினம் என்றால் பயிற்சியாளராக எடுக்கும் முதலாளியைப் பிடிப்பதுதான். குளிரில் இரவு அழைப்புகளும், கூரை ஏறுவதும் இருக்கும், அதை மறைக்க மாட்டேன்.

நேர்முகத்தில் மகன் ஒரு கேள்வியைக் கட்டாயம் கேட்கட்டும்: "என்னைப் பூட்டும் குழுவில் மட்டும் வைப்பீர்களா, சர்வீஸ் மெக்கானிக்கோடும் அனுப்புவீர்களா?" முதல் வருடம் டக்ட் (காற்றுக் குழாய்) தூக்குவது வழக்கம்தான். இரண்டாம் வருடமும் மீட்டரைக் கையில் தராத இடம் என்றால், பதிவை வேறு முதலாளிக்கு மாற்றிக்கொள்ளலாம். அதுவரை முடித்த மணி நேரங்கள் வீணாகாது, அவற்றுக்கான பதிவுகளை மட்டும் மகன் ஒழுங்காக வைத்திருக்க வேண்டும்.